ராம்சர் பட்டம் கிடைத்துவிட்டது... முக்குளிக்கும் வாத்துக்கு ஏரி கிடைக்குமா?

150 முதல் 700 வரை. ஏதோ ஒரு பொறியியல் கல்லூரியின் அட்மிஷன் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். உலகம் முழுக்க மிஞ்சியிருக்கும் ஒரு வாத்து இனத்தில், முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் வயதை எட்டிய பறவைகள் மொத்தமே இவ்வளவுதான் இருக்கும் என்கிறது ஐ.யு.சி.என். எனப்படும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம். வாத்தின் பெயர் பேயர்ஸ் போச்சார்டு. பச்சை மினுக்கும் கறுப்புத் தலை, செம்பழுப்பு மார்பு. ஆண் பறவைக்குக் கண் மட்டும் பளீரென்று வெள்ளை. பேயுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. பாலூட்டிகளின் கருமுட்டையை 1827-ல் கண்டறிந்த கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் என்ற உயிரியலாளரின் நினைவாக வைத்த பெயர்.

இது அரியலூர்ப் பறவை இல்லை. ரஷ்யாவின் தூரக்கிழக்கிலும் சீனாவிலும் கூடு கட்டி, குளிர்காலத்தில் தெற்கே இறங்கி வரும். இந்தியாவில் அதற்குப் பழக்கமான இடம் அசாம், மணிப்பூர் பக்கத்து ஏரிகள். அப்படியானால் கல்லங்குறிச்சிக்காரர் எதற்கு இதைப் படிக்க வேண்டும்? காரணம் இருக்கிறது. இதன் நெருங்கிய சொந்தம் ஒன்று, காமன் போச்சார்டு, நம் மாவட்டத்து கரைவெட்டி ஏரிக்கே வந்து போகிறது. பெயரிலேயே 'காமன்' இருக்கிறது, அதாவது சர்வசாதாரணம். அந்த சர்வசாதாரணப் பறவையையே 2015-ல் 'அழிவாய்ப்புள்ள இனம்' என்ற பட்டியலில் சேர்த்தாகிவிட்டது.

பேயர்ஸ் போச்சார்டும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது. 2008-ல் 'அருகிய இனம்' ஆனது. 2012-ல் 'மிக அருகிய இனம்' ஆனது. நான்கே வருடம். அதற்கு மேல் ஏற ஒரு படிதான் பாக்கி. அதற்குப் பிறகு அருங்காட்சியகம்தான்.

வாத்து என்றால் எல்லாம் ஒன்றா?

இல்லை. இங்கேதான் விஷயமே இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நாம் ஏரியில் அடிக்கடி பார்க்கும் பல வாத்துகள் மேலோட்டமாக மேய்பவை. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கிக்கொண்டு, எட்டிய ஆழத்தில் கிடைப்பதைத் தின்னும். கிளுவை, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி எல்லாம் இந்த ரகம். முழங்கால் தண்ணீர் போதும். ராத்திரியானால் வயல் பக்கம்கூடப் போய்விடும். ஏரி கெட்டாலும் எப்படியோ சமாளிக்கும்.

போச்சார்டு அப்படி இல்லை. அது நம்ம முக்குளிப்பான் மாதிரி முழுசாக மூழ்கி, அடியில் வளரும் நீர்த்தாவரம், விதை, நத்தை, பூச்சிப்புழு என்று தேடித் தின்னும் ரகம். மூழ்கி நீந்த வசதியாக அதன் கால்கள் உடலின் பின்பக்கம் தள்ளி அமைந்திருக்கும். விளைவு, தரையில் நடை தள்ளாட்டம். பறக்க எழும்புவதும் லேசில்லை. கிளுவை மாதிரி நின்ற இடத்திலிருந்து விருட்டென்று கிளம்ப முடியாது, தண்ணீர் மேல் தடதடவென்று ஓடித்தான் எழும்பும். விமானத்துக்கு ஓடுபாதை வேண்டும் என்பது மாதிரி.

ஆக, இந்த வாத்துக்கு ஒரு ஏரி பிடிக்க வேண்டும் என்றால் சில விஷயங்கள் ஒரே நேரத்தில் சரியாக இருக்க வேண்டும். ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டரை மீட்டர் ஆழம். அடிவரை வெளிச்சம் இறங்கும் அளவுக்குத் தெளிந்த தண்ணீர், ஏனென்றால் வெளிச்சம் இல்லாவிட்டால் அடியில் செடி இல்லை, செடி இல்லாவிட்டால் சாப்பாடு இல்லை. மேலே மூடாத திறந்த நீர்ப்பரப்பு. ஆகாயத்தாமரை படர்ந்த ஏரி நம் கண்ணுக்குப் பச்சைப்பசேல் என்று இருக்கும். போச்சார்டுக்கு அது பூட்டிய கதவு. உள்ளே மூழ்கவும் முடியாது, மேலே ஓடி எழும்பவும் முடியாது.

வயலில் போட்ட உரம் மழையில் கரைந்து ஏரிக்கு வந்தால் பாசி பெருகும், தண்ணீர் கலங்கும். அடியைக் கிளறும் கெண்டை வகை மீன்களை அளவில்லாமல் விட்டாலும் அதே கதை. மீன் பிடிக்க விரித்துவைத்த கண்ணி வலையில் கொக்கு சிக்காது, நாரை சிக்காது. மூழ்கும் பறவை சிக்கும். சிக்கினால் மூச்சு முட்டிச் சாகும். யாரும் அதைக் கொல்ல நினைக்கவில்லை என்பதுதான் இதில் கொடுமை.

அதனால்தான் ஒரு ஏரி கெடும்போது முதலில் காணாமல் போவது இந்த முக்குளிக்கும் ரகம். கொக்கும் நாரையும் இன்னும் நின்றுகொண்டிருக்கும். நாமும் போட்டோ எடுத்து, 'பறவைகள் குவிந்தன' என்று செய்தி போட்டுக்கொண்டிருப்போம். எங்கள் டெஸ்க்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கரைவெட்டிக்குக் கிடைத்த பட்டம்

அரியலூரிலிருந்து கீழப்பழுவூர், திருமானூர் பக்கம் போனால் கரைவெட்டி. 1999-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. பரப்பு 453.72 ஹெக்டேர். தமிழ்நாட்டின் பெரிய உள்நாட்டு ஈரநிலங்களில் ஒன்று. 2024 ஜனவரி கடைசியில், நீலகிரியின் லாங்வுட் சோலையோடும் கர்நாடகத்தின் மூன்று இடங்களோடும் சேர்த்து ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. அன்றைக்கு மத்திய அரசு வெளியிட்ட குறிப்பு இங்கே 198 பறவை இனங்கள் பதிவாகியிருப்பதாகச் சொன்னது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தோடு காமன் போச்சார்டின் பெயரும் அந்தக் குறிப்பில் இருந்தது.

அந்தக் குறிப்பில் இன்னொரு வரியும் உண்டு. இந்த ஏரித் தண்ணீரில்தான் சுற்றுவட்டார கிராமங்கள் நெல், கரும்பு, பருத்தி, சோளம், துவரை விளைவிக்கின்றன. நிலத்தடி நீருக்கும் இதுதான் ஆதாரம். அதாவது கரைவெட்டி காட்டுக்குள் கிடக்கும் குளம் இல்லை. விவசாயத்துக்காக மனிதன் கரை கட்டிய ஏரி. புள்ளம்பாடி வாய்க்காலில் காவிரித் தண்ணீர் வந்தால் நிறையும். மேட்டூரில் தண்ணீர் இல்லாத வருடம் மழை பார்த்துப் பிழைக்க வேண்டியதுதான். செப்டம்பரில் தொடங்கி மே வரை தண்ணீர் நிற்கும் ஏரி அது. வாத்தின் விசாவும் அந்த வாய்க்காலைப் பொறுத்ததுதான்.

ராம்சர் என்பது ஈரானில் உள்ள ஊர். 1971 பிப்ரவரி 2 அன்று அங்கே கையெழுத்தான ஒப்பந்தத்தில் இந்தியா 1982-ல் சேர்ந்தது. 2022 வரை தமிழ்நாட்டில் கோடியக்கரை ஒன்றுதான் பட்டியலில் இருந்தது. அதன்பிறகு மளமளவென்று ஏறி 2025-ல் 20 இடங்களைத் தொட்டது. நல்ல விஷயம், மறுப்பதற்கில்லை. தமிழ்நாடு ஈரநில இயக்கத்தின் உழைப்பு அதில் இருக்கிறது.

ஆனால் ராம்சர் என்பது ஒரு பட்டம். காவல்காரர் இல்லை. பட்டம் கிடைத்த அன்று ஏரிக்கு வரும் தண்ணீர் ஒரு கன அடிகூட கூடுவதில்லை.

சந்தேகமாக இருந்தால் குவாஹாட்டிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே ஊரை ஒட்டி தீபோர் பீல் என்ற ஏரி. 2002-லேயே ராம்சர் பட்டம் வாங்கியது. அதைப் பட்டியலில் சேர்க்கச் சொன்ன காரணங்களில் ஒன்று பேயர்ஸ் போச்சார்டு அங்கே வருகிறது என்பது. பட்டத்துக்குப் பிறகு நடந்தது என்ன? ஏரியின் ஓரமாகவே மாநகரக் குப்பை மலையாகக் கொட்டப்பட்டது. ஏரிக்கரையை உரசிக்கொண்டு ரயில் ஓடுகிறது. மணிப்பூரின் லோக்டக் ஏரிக்கும் இதே பட்டம் 1990-லேயே கிடைத்தது. 1983-ல் கட்டிய இத்தாய் தடுப்பணையால் இயற்கையான நீர் ஏற்ற இறக்கமே மாறிப்போய், 1993-ல் 'மான்ட்ரூ பதிவேடு' எனப்படும் ஆபத்துப் பட்டியலில் அது சேர்ந்தது. இன்னும் வெளியே வரவில்லை. ஒடிசாவின் சிலிகா ஏரி அதே பதிவேட்டில் இருந்து, கடலுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டியபின் 2002-ல் வெளியே வந்தது. ஆக, முடியாது என்பதில்லை. தண்ணீர் வரும் வழியைச் சரி செய்தால் முடியும். போர்டு நட்டால் மட்டும் முடியாது.

கல்லங்குறிச்சிக் குழிகள்

கல்லங்குறிச்சி என்றதும் நமக்கு கலியுக வரதராசப் பெருமாள் கோயில் நினைவுக்கு வரும். புவியியல் படித்தவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். இந்த ஊர்ப் பெயரில் ஒரு பாறை அடுக்கே இருக்கிறது. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் இருந்த காலத்தின் கடைசிப் பகுதியில், இந்த இடம் ஆழமில்லாத கடல். சிப்பிகள் வாழ்ந்து, செத்து, அடுக்கடுக்காகப் படிந்த சுண்ணாம்புக்கல் அது. உலகெங்கும் ஆய்வுக் கட்டுரைகளில் 'கல்லங்குறிச்சி பார்மேஷன்' என்றே எழுதுகிறார்கள். அந்தச் சிப்பிதான் இன்று சிமெண்ட் மூட்டையாகி நம் அபார்ட்மெண்ட் சுவரில் இருக்கிறது.

கல்லை எடுத்த இடத்தில் குழி மிஞ்சுகிறது. குழியில் தண்ணீர் தேங்குகிறது. மேலிருந்து ட்ரோன் ஷாட் எடுத்தால் நீலமும் பச்சையுமாக ரீல்ஸுக்கு அள்ளும். இந்தக் குழிகளை நீர்த்தேக்கமாக்கலாமே என்ற பேச்சு மாவட்டத்தில் அடிக்கடி எழும். குடிநீருக்கும் பாசனத்துக்கும் உதவினால் நல்லதுதான், செய்யட்டும். ஆனால் அதற்கு அடுத்த படியாக, 'சுரங்கத்தால் என்ன நஷ்டம், அதான் புதுசா ஏரி கிடைச்சிருச்சே' என்று யாராவது சொன்னால் அங்கே நிறுத்த வேண்டும்.

ஏன் என்பதற்கு மேலே சொன்ன வாத்தின் கணக்கைப் பாருங்கள். செங்குத்தாக வெட்டிய பாறைச் சுவர். ஓரத்தில் ஆழமற்ற பகுதியே கிடையாது. இறங்கினால் நேரே பாதாளம். அடியில் வெளிச்சம் இல்லை, வண்டல் இல்லை, செடி இல்லை. வாத்து வந்தால் சற்று உட்கார்ந்து ஓய்வெடுக்கலாம். சாப்பாட்டுக்கு வழி இல்லை. நாம் ஐந்து நட்சத்திர ஹோட்டலின் லாபியில் உட்கார்ந்துவிட்டு வருகிற மாதிரி.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் காட்ஸ்வோல்ட் வாட்டர் பார்க் என்ற இடம் முழுக்க முழுக்க பழைய சரளைக்கல் குழிகள்தான். இன்று அங்கே போச்சார்டுகள் கூட்டமாகக் குளிர்காலம் கழிக்கின்றன. அப்போ நம்ம ஊரில் ஏன் முடியாது? முடியலாம். அந்தக் குழிகள் ஆழம் குறைந்தவை என்பது ஒரு வித்தியாசம். நம் குழிகளிலும் ஓரங்களைச் சரிவாக்கி, மேல்மண்ணை நிரப்பி, நாணலும் கோரையும் வளர இடம் விட்டால், சில பத்தாண்டுகளில் ஏதாவது நடக்கும். சுரங்கம் மூடும் திட்டத்தில் இதை எழுதிச் சேர்த்து, செலவை ஒதுக்கி, செய்ய வைக்க வேண்டும். சும்மா விட்ட குழி தானாக ஏரி ஆகாது.

சட்டத்தில் உள்ள ஓட்டை

இதுதான் என்னைப் பொறுத்தவரை மையப் பிரச்சினை. செய்திகளில் இதற்குப் பெரிதாக இடம் கிடைப்பதும் இல்லை.

நாட்டில் ஈரநிலங்களுக்கென்று 2017-ல் வந்த விதிகள் இருக்கின்றன. ஈரநிலத்தை ஆக்கிரமிக்கக் கூடாது, கழிவு கொட்டக் கூடாது, வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. சூப்பர். ஆனால் எது ஈரநிலம் என்ற வரையறைக்கு வந்தால் அதிர்ச்சி. நெல்வயல் சேராது. குடிநீருக்காக மனிதன் கட்டிய குளம் சேராது. பாசனத்துக்காகக் கட்டிய நீர்நிலையும் சேராது.

இப்போது தமிழ்நாட்டை நினைத்துப் பாருங்கள். நம்மிடம் இருப்பதே பாசனத்துக்காகக் கட்டிய ஏரிகள்தானே? பல்லவர், சோழர் காலத்திலிருந்து கட்டிக்கொண்டே வந்தோம். வேடந்தாங்கல் ஏரி, வடுவூர் ஏரி, கரைவெட்டி எல்லாமே அந்த வகைதான். இவை தப்பித்ததற்குக் காரணம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயம் ஆனதுதான். அந்த அதிர்ஷ்டம் இல்லாத ஏரிக்கு என்ன பாதுகாப்பு? 2007-ல் வந்த தமிழ்நாட்டின் ஏரிப் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்கிறது. ஏரிக்குள் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, செடி இருக்கிறதா, வலை எங்கே விரிக்கிறார்கள் என்பதெல்லாம் அதன் வேலை இல்லை.

பறவைக்கு அறிவிக்கை படிக்கத் தெரியாது. கரைவெட்டிக்கு வரும் வாத்து கரைவெட்டியில் மட்டும் இருப்பதில்லை. காலையில் இங்கே, தண்ணீர் குறைந்தால் பக்கத்து ஏரியில், தொந்தரவு வந்தால் அதற்கடுத்த ஏரியில். ஒன்றிலிருந்து மறுகால் பாய்ந்து இன்னொன்றை நிரப்பும்படி நம் முன்னோர் ஏரிகளைச் சங்கிலியாகக் கட்டினார்கள். அந்தச் சங்கிலியில் ஒரு ஏரிக்கு மட்டும் கிரீடம் வைத்துவிட்டு மற்றவற்றை விட்டுவிட்டால், கிரீடம் வைத்த ஏரியும் கொஞ்ச நாளில் தனித்துப் போகும்.

பேயர்ஸ் போச்சார்டுக்கு நடந்தது அதுவேதான். ஒரே இடத்தில் ஒரே ஆள் சுட்டுத் தீர்த்த கதை இல்லை. கூடு கட்டும் ஏரியில் வறட்சி, முட்டை திருட்டு, வழியில் வலையும் விஷமும், குளிர்காலம் கழிக்கும் இடத்தில் வயலும் கட்டடமும். ஒவ்வோர் ஊரிலும் 'எங்க ஏரி ஒண்ணுதானே போச்சு' என்றுதான் நினைத்திருப்பார்கள். சீனா இப்போது அதை முதல்நிலைப் பாதுகாப்புப் பட்டியலில் வைத்துக் காக்கிறது. சரி, தாமதமாகவாவது.

தூர்வாருவதும் சிக்கலா?

2017-ல் குடிமராமத்து மீண்டும் தொடங்கியபோது எல்லோரும் வரவேற்றோம். ஏரி மேடாகிப் போனால் முக்குளிக்கும் வாத்துக்கு ஆழமே மிஞ்சாது, அதனால் தூர்வாருவது தேவைதான். அந்தக் காலத்தில் கோடையில் விவசாயிகள் வண்டி கட்டிவந்து வண்டலை வயலுக்கு அள்ளிப் போவார்கள். ஏரியும் ஆழமானது, வயலுக்கும் சத்து. இன்று ஜேசிபி வந்து இறங்கி ஏரியை முழுக்க ஒரே ஆழத்துக்குத் தொட்டி மாதிரி வெட்டி, ஓரத்தை நேராகச் சீவிவிட்டுப் போகிற இடங்களும் உண்டு. அப்படி வெட்டினால் கோரை போச்சு, நாணல் போச்சு, கூடு கட்டும் இடம் போச்சு. கிட்டத்தட்ட சின்ன சைஸ் சுரங்கக் குழி ரெடி. நடுவில் ஆழம், ஓரத்தில் சரிவு, ஆங்காங்கே மேடு என்று டெண்டரிலேயே எழுதிவிட்டால் கூடுதல் செலவுகூட பெரிதாக இருக்காது.

இதைச் சொன்னால் உடனே, 'விவசாயியா, வாத்தா?' என்று ஒரு கேள்வி வரும். இந்தக் கேள்வியே தப்பு என்பது என் கருத்து. கரைவெட்டியில் தண்ணீர் நின்றால் இருவருக்கும் லாபம், வற்றினால் இருவருக்கும் நஷ்டம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கிராமங்கள் இருக்கின்றன. அவர்களும் விவசாயிகள்தான். மோதல் வருவது எங்கே தெரியுமா? சரணாலயம் என்று அறிவித்துவிட்டு, மீன் குத்தகை, மேய்ச்சல், மடை திறப்பு பற்றி ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போகும்போதுதான்.

மடகாஸ்கரில் இதைப் புரிந்துகொண்டார்கள். அங்கே மடகாஸ்கர் போச்சார்டு என்று இன்னொரு உறவுக்காரர். அலாவோத்ரா ஏரியில் நெல் சாகுபடியும் மண் அரிப்பும் வெளியூர் மீன்களும் வலைகளும் சேர்ந்து அதைத் துடைத்துவிட்டன. 1991-க்குப் பிறகு ஒன்றும் கண்ணில் படவில்லை. முடிந்தது என்றே நினைத்தார்கள். 2006-ல் வடக்கே ஒரு தொலைதூர எரிமலை ஏரியில் சிறு கூட்டம் சிக்கியது. முட்டை எடுத்துவந்து, வளர்த்து, பெருக்கி, 2018 டிசம்பரில் சோஃபியா ஏரியில் 21 வாத்துகளை விட்டார்கள். முதலில் மிதக்கும் கூண்டுகளில் வைத்துப் பழக்கி, பிறகு திறந்துவிட்டார்கள். அதற்குப் பல வருடம் முன்பே அந்த ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களோடு உட்கார்ந்து, விவசாயத்தையும் மீன்பிடிப்பையும் ஏரி தாங்கும்படி மாற்றுவது பற்றிப் பேசி வேலை செய்தார்கள்.

இந்தியாவுக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடைக்காத வாத்தும் ஒன்று உண்டு. இளஞ்சிவப்புத் தலை வாத்து. பிகாரில் 1935-க்குப் பிறகு உறுதியான பதிவு இல்லை.

இப்போது என்ன செய்யலாம்?

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், செயற்கைக்கோள் வரைபடத்தில் 2.25 ஹெக்டேருக்கு மேல் உள்ள 2,31,195 ஈரநிலங்களை மாநிலங்கள் நேரில் போய்ச் சரிபார்த்து எல்லை குறிக்க வேண்டும் என்றது. அந்த வரைபடம், 'இது பாசன ஏரி, சேராது' என்று யோசிப்பதில்லை. தண்ணீர் இருந்தால் கணக்கில் எடுக்கிறது. நம் மாவட்டத்து ஏரிகள் சட்டத்துக்குள் வர ஒரு ஜன்னல் இருக்கிறது என்றால் அது இந்தச் சரிபார்ப்புதான். கரைவெட்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்களையும், அதன் மறுகால் போய்ச் சேரும் ஏரிகளையும் ஒரே தொகுப்பாகப் பார்த்து, மாநில அரசு தன் அதிகாரத்தில் அறிவிக்க வேண்டும். குளிர்கால மாதங்களில் ஏரியின் ஒரு பகுதியிலாவது கண்ணி வலை கூடாது என்று குத்தகை நிபந்தனையில் சேர்க்க வேண்டும். அதனால் குத்தகைதாரருக்கு வரும் இழப்பை அரசு ஈடு செய்ய வேண்டும், அவர் தலையில் கட்டக் கூடாது.

சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து போனில் இதைப் படிக்கும் அரியலூர்க்காரர்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்கள் ஊர் ஏரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா, எல்லை எங்கே குறித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கலெக்டர் ஆபீஸுக்கு மனு போடலாம், ஆர்.டி.ஐ. போடலாம். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது இன்னும் பத்து நாள் தள்ளி டிக்கெட் போட முடிந்தால் ஜனவரி 26 கிராம சபையில் நேரிலேயே கேட்கலாம். வலசை வந்த வாத்துகளும் அப்போது கரைவெட்டியில்தான் இருக்கும்.